எல்லா வேனிலும் ஒரே படம்

வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சத்தமா, தெளிவா பேசுவியா?"

மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறவள் நான். கோவிலில் மைக் கெட்டுப்போன வாரங்களிலும் கடைசி வரிசைக்கு என் குரல் கேட்கும். "பேசுவேன்" என்றேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள்.

சிங்கப்பூரில் எழுபதுகளின் நடுப்பகுதி அது. வீடமைப்புப் பேட்டைகளில் லிப்ட் பழுது பார்க்கும் ஒரு கம்பெனி. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாவு அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். மிளகாய் அரைக்கிற நாளில் ரேடியோவில் நான் தும்முவது தீவு முழுக்கக் கேட்கும். லிப்ட் நடுவில் நின்றுவிட்டால் அந்த அடுக்குமாடிப் புளோக்கிலிருந்து யாராவது போன் செய்வார்கள். நான் ரேடியோ மைக்கை எடுத்து எங்கள் மெக்கானிக்குகளின் வேன்களில் ஒன்றை அனுப்ப வேண்டும். அதுதான் வேலை.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். எல்லா வேனுக்கும் சேர்த்து ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். என் முன்னால் சுவரில் சிங்கப்பூர் வரைபடமும், அதன்மேல் வேன்களுக்கு ஒவ்வொரு காந்தப் பொட்டும் இருந்தன. யார் எங்கே நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். வேனில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் நாள் முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மோட்டார் பெல்ட் யாரிடம் இருக்கிறது, தோ பாயோ பக்கம் யார் இருக்கிறார், எனக்கு உதவிக்கு ஆள் வருமா வராதா. ஒருத்தருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவசரமாகப் பேச வேண்டிய இன்னொருத்தர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்.

இதை மாற்றலாம் என்று முதலில் சொன்னது நானில்லை. வேன்காரர்களிலேயே மூத்த மெக்கானிக் ஒருவர். தஞ்சோங் பகாரில் பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவின் பிள்ளை. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஒரு நாள் சாமான் எடுக்க மாடிக்கு வந்தவர், என் சுவரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத நீ மட்டும் பாத்துக்கிட்டு இருக்க தங்கச்சி. நாங்க கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டுறோம்."

"அதான் நான் சொல்றேன்ல அண்ணே?"

"நீ சொல்றது காதுக்கு. எனக்குக் கண்ணுக்கு வேணும். நீ பாக்குறத நானும் பாக்கணும் லா."

அவர் தன் வேனிலிருந்து ஒரு கிழிந்த தெருப்படத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஒட்டியிருந்தார். லிப்ட் கயிற்றில் அடையாளம் போட வைத்திருக்கும் மெழுகுப் பென்சிலால், காலையில் ரேடியோவில் கேட்டதையெல்லாம் அதில் குறித்திருந்தார். பாதி தப்பு. ஆனால் பார்த்தவுடனே எனக்குள் ஏதோ சட்டென்று நிமிர்ந்தது. இதை எல்லா வேனிலும் வைக்க முடியும். அதைச் சரியாக வைத்திருக்க என் குரலே போதும்.

கடையில் அட்டை வாங்கினேன். தீவைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு வேனுக்கும் ஒரு பலகை செய்தோம். மேலே பிளாஸ்டிக், பக்கத்தில் நூலில் தொங்கும் மெழுகுப் பென்சில், துடைக்க ஒரு துணி. கட்டங்களுக்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல் வந்தது. ஏ, பி, சி என்று வைத்தால் ரேடியோ இரைச்சலில் பி-யும் டி-யும் ஒன்றாகவே கேட்டன. எங்கள் வேன்களில் மலாய்க்காரர், சீனர், தமிழர், மலையாளி என்று எல்லாரும் இருந்தார்கள். எல்லார் வாயிலும் ஒரே மாதிரி வரும் சொற்கள் எவை? சாப்பாட்டுப் பெயர்கள்தான். ஆக, வரிசைகளுக்குக் கோப்பி, ரொட்டி, சாத்தே, லக்சா, தோசை என்று பெயர். குறுக்கே எண்கள். நூடுல்ஸுக்கு இங்கே சொல்லும் "மீ" என்றும் ஒரு வரிசை வைத்துப் பார்த்தோம். மைக் பொத்தானை அமுக்கிப் பேசத் தொடங்குவதற்குள் ரேடியோ அதை விழுங்கிவிட்டது. எடுத்துவிட்டோம்.

கம்பெனி முதலாளியான தவுக்கேயிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நல்ல மனிதர். ஆனால் எதையும் இரண்டு முறை சந்தேகப்படுவார். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாரும் எல்லாத்தையும் பாத்தா, அவனவன் லேசான வேலையா பாத்து எடுத்துக்குவான்."

"யாரு காலையிலேருந்து ஒரே கோப்பிக் கடையில நிக்கிறாங்கறதும் எல்லாருக்கும் தெரியும் பாஸ்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் பலகையைக் கீழே வைக்கும்போது மெதுவாக வைத்தார். "சரி, செய்" என்றார்.

முதல் வாரம் கூத்தாகத்தான் இருந்தது. எல்லா வேன்களின் இடத்தையும் வரிசையாக நான் வாசிக்க, அலைவரிசை முழுவதும் என் குரலே நிறைந்துவிட்டது. நடுவில் யாரும் பேச முடியவில்லை. அதன்பிறகு முழுப் படத்தையும் காலையில் ஒரே தடவைதான் சொன்னேன். பிறகு மாறியதை மட்டும், வேன் நம்பரும் கட்டமும். "நாலு, கோப்பி மூணுலேருந்து சாத்தே மூணு." அவ்வளவுதான். மெழுகுப் பென்சில்கள் தீவெங்கும் ஒரே நேரத்தில் ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோடு போடும். நான் பேசிவிட்டு மைக்கை வைக்கும்போது அதைக் கற்பனை செய்து பார்ப்பேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

அதன் பலன் குவீன்ஸ்டவுனில் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை காலை, ஒரு புளோக்கில் கல்யாணப் பெண் லிப்டில் மாட்டிக்கொண்டாள். வெள்ளை கவுன், தலையில் வலை, கூடவே தோழிகள் இருவர். கோவிலில் மாப்பிள்ளையும் பாதிரியாரும் காத்திருக்கிறார்கள். கல்யாணப் பெண்ணின் சித்தப்பாதான் போன் செய்தார். ஹலோ சொல்லவே இல்லை, எடுத்த எடுப்பில் அழுதார். படத்தில் ஒன்பதாம் நம்பர் வேன்தான் மிக அருகில் இருந்தது. அனுப்பினேன்.

நான் சொல்லி முடித்ததும் மூத்த மெக்கானிக்கின் குரல் வந்தது. "தங்கச்சி, ஒம்பது வேணாம். அவன் அலெக்சாண்ட்ரா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். அங்க லாரி ஒண்ணு கவுந்து கெடக்கு, நான் இப்பத்தான் தாண்டி வந்தேன். என் பலகையில பாக்குறேன், எனக்குத்தான் வழி இருக்கு. நான் போறேன்."

லாரி கவிழ்ந்தது என் சுவரில் இல்லை. ஒன்பதாம் நம்பர் எங்கே நிற்கிறது என்பது முன்பெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்காது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் அவரால் முடிவெடுக்க முடிந்தது. "போங்க அண்ணே" என்றேன். பெண்ணை வெளியே எடுத்துவிட்டு அவர் ரேடியோவில் சொன்னது இதுதான்: "பொண்ணு சிரிச்சுக்கிட்டே எறங்குச்சு. சித்தப்பாவத்தான் தூக்கிக்கிட்டுப் போவணும் போல."

அந்த வாரத்திலிருந்து பலகை வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை.

எண்பதுகளில் ஊர் மேற்கே நீண்டுகொண்டே போனது. புக்கிட் பாத்தோக்கில் குன்றுக்குப் பக்கத்தில் புதுப் புளோக்குகள் எழுந்தன. வேன்களும் கூடின, மெழுகுப் பென்சில் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு. எண்பதுகளின் நடுவில் தவுக்கே ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்தார். என் வயதுதான் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே எழுத்தர் வேலையிலேயே தலைமுறைகளைக் கழித்த குடும்பம். அவர்தான் அந்த வரிசையை விட்டு எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் போனவர். என்னோடு தமிழில்தான் பேசுவார், பாதியில் இங்கிலீஷுக்குப் போய்த் திரும்பி வருவார். அவர் கையில் ஒரு பெட்டி. சின்னத் திரை, பச்சை எழுத்து, கீழே சில பொத்தான்கள். வேனின் டேஷ்போர்டில் மாட்டலாம். ரேடியோ வழியாகவே எழுத்துகள் வந்து சேரும், யாரும் பேச வேண்டியதில்லை.

மூன்று வேன்களில் மாட்டிப் பார்த்தோம். திரையில் வேலைகள் வரிசையாக வந்தன. புளோக் எண், தெரு, பழுது. ஒரு வாரம் கழித்து இன்ஜினியர் வேன்களைப் பார்க்கப் போனார். மூன்றிலும் பெட்டியின்மேல் பழைய பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மூத்த மெக்கானிக் வேனில் பெட்டிக்குத் துண்டும் போர்த்தியிருந்தார்கள்.

"ஏன் இதைப் பாவிக்கேல்லை?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"இதுல என் வேலை மட்டும்தான் சார் தெரியுது. மத்தவன் எங்கன்னு தெரியல. லைட்டு போட்ட வேலைச் சீட்டு, அவ்ளோதான்" என்றார் அவர்.

இன்ஜினியருக்கு முகம் சுருங்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான். நேராக மாடிக்கு வந்து, "மிஸ், உங்கட பலகையை எனக்கு ஒருக்காச் சொல்லித் தாங்கோ" என்றார்.

பல மதியங்கள் பின்சந்தில் நிறுத்தியிருந்த வேனில் உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அந்தத் திரையோடு மல்லுக்கட்டினோம். அதில் படம் வரையவே முடியாது. எழுத்துகளும் புள்ளிகளும் மட்டும்தான் வரும். சரி, புள்ளிகளாலேயே கரையைப் போடுவோம் என்றேன். திரை அகலத்துக்கு ஏற்றபடி தீவு நசுங்கிப்போய்க் கறிபஃப் போலத் தெரிந்தது. ஆனாலும் சிங்கப்பூர் என்று யாருக்கும் தெரியும். வேன் ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. வேலை காத்திருக்கும் புளோக் ஒரு நட்சத்திரம். பெட்டிக்குத் தன் வேன் எங்கே இருக்கிறது என்று தானாகத் தெரியாது. புதுக் கட்டத்துக்குள் நுழையும்போது ஓட்டுபவர் பொத்தானை அமுக்க வேண்டும். அலுவலகத்துக் கம்ப்யூட்டர் அதை வாங்கி எல்லா வேனுக்கும் அனுப்பும்.

முதல் தடவை அனுப்பியபோது படம் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வந்தது. சோறு ஆறிவிட்டது. பாதி வந்ததும் இரைச்சல் புகுந்து, ஜூரோங் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் கொட்டிக் கிடந்தன.

"தீவு ஓடியா போகப்போவுது? அது பெட்டிக்குள்ளயே இருக்கட்டும் சார். நகர்ற எழுத்த மட்டும் அனுப்புங்க" என்றேன்.

"ஓம், அது விளங்குது. ஆனா ஒரு மாற்றம் வழியில துலைஞ்சுபோனா? அந்த வேன்ல படம் பிழையாவே நிண்டுடும். பிழையெண்டு அவருக்கும் தெரியாது."

குரலில் பேசும்போது எனக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. பதில் வராவிட்டால் மறுபடி சொல்வேன். அவர் அதற்கு இரண்டு வழி வைத்திருந்தார். ரேடியோ சும்மா இருக்கும் இடைவெளிகளில் முழுப் படமும் மெல்ல மெல்லப் புதுப்பிக்கப்படும். வெகுநேரமாகச் செய்தி வராத வேனின் எழுத்து மினுக்கத் தொடங்கும். "இது பழைய செய்தி, நம்பாதே" என்று அதற்கு அர்த்தம். "எங்களுக்குத் தெரியேல்லை எண்டதையும் காட்ட வேணும் மிஸ்" என்றார். என் பலகையில் பழையதும் புதியதும் ஒரே மெழுகுக் கோடுதான். அவர் சொன்னது சரி என்று அப்போதே ஒப்புக்கொண்டேன்.

மறுபடி மாட்டியபோது மூத்த மெக்கானிக் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நானு" என்று ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஒரு வேன் விடாமல் எல்லாவற்றிலும் மாட்டினோம்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், காலையிலிருந்தே விடாத மழை. மதியத்துக்குள் கால்வாய் நிறைந்து எங்கள் சந்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கீழே மாவுக்கடைக்காரர் மூட்டைகளை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். மேற்கே பல புளோக்குகளில் மின்சாரம் போய், லிப்டுகள் அங்கங்கே நின்றுவிட்டன. போன் ஓயாமல் அடித்தது. திரையெங்கும் நட்சத்திரங்கள். அப்போது எங்களுக்கும் கரண்ட் போனது. கம்ப்யூட்டர், ரேடியோ, எல்லாம் சேர்ந்து அடங்கிவிட்டன. போன் மட்டும் உயிரோடு இருந்தது.

இன்ஜினியர் அன்று அலுவலகத்தில்தான் இருந்தார். என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நீங்க போன எடுங்க சார். வர்ற புளோக் நம்பரையெல்லாம் எழுதி வைங்க. நான் வேனுக்குப் போறேன்."

மூத்த மெக்கானிக் சாமான் எடுக்க வந்து சந்து முனையில் மாட்டியிருந்தார். முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து போய் அவர் வேனில் ஏறினேன். வேனின் ரேடியோ பேட்டரியில் ஓடுவது, அதனால் வேலை செய்தது. ஆனால் தாழ்வான அந்தச் சந்திலிருந்து பேசினால் யாருக்கும் எட்டவில்லை.

"உசரமா எங்கயாவது போங்க அண்ணே."

அவர் பக்கத்திலிருந்த அடுக்குமாடிக் கார் பார்க்குக்குள் வேனைத் திருப்பினார். சுற்றிச் சுற்றி ஏறி மொட்டைத்தளத்துக்கு வந்தோம். மழையில் ஊரே சாம்பல் நிறத்தில் கிடந்தது. மைக்கை எடுத்து, "எல்லா வேனும் கேளுங்க, நான்தான் பேசுறேன்" என்றேன். ஒவ்வொருவராகக் குரல் வந்தது. எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு நடுவில் இருந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

அலுவலகத்துக் கம்ப்யூட்டர் போனாலும் திரைகள் அணையவில்லை. கடைசியாக வந்த படம் எல்லா வேனிலும் அப்படியே நின்றிருந்தது. நான் சொன்னேன்: "நிக்கிற படத்துலேருந்து ஆரம்பிப்போம். மாறினத நான் சொல்றேன், நீங்களே குறிச்சுக்குங்க."

"எதுல குறிக்கிறது அக்கா? பலகையத்தான் கழட்டியாச்சே?" என்று ஒரு வேனிலிருந்து கேள்வி.

மூத்த மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து மெழுகுப் பென்சிலை எடுத்துத் திரையின் கண்ணாடிமேலேயே கோடு போட்டார். நான் மைக்கில், "கண்ணாடியில போடுங்க" என்றேன்.

அலுவலகப் பையன் குடையோடு இன்ஜினியர் எழுதிய எண்களைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். கரண்ட் போகுமுன்பே நட்சத்திரம் விழுந்திருந்த புக்கிட் பாத்தோக் புளோக் ஒன்றில் ஒரு தாயும் கைக்குழந்தையும் இருட்டான லிப்டில் மாட்டியிருப்பது அதிலிருந்து தெரிந்தது. படத்தின்படி ஓர் எழுத்து அந்தக் கட்டத்திலேயே இருந்தது, ஆனால் அதுவும் அப்போதே மினுக்கத் தொடங்கியிருந்தது. நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. பழைய பலகையாக இருந்தால் அவரை நம்பி உட்கார்ந்திருப்பேன். மினுக்கியதால் நம்பவில்லை.

"புக்கிட் பாத்தோக்குக்கு யாரு?" என்றேன்.

ஒரு மலாய் மெக்கானிக்கின் குரல் நிதானமாக வந்தது. "சாயா பெர்கி. நான் போறேன். என் படத்துல என்ன விட்டா அங்க கிட்ட வேற யாரும் இல்ல." அவரே முடிவெடுத்து, தன் வேலையைப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தவருக்குக் கைமாற்றிவிட்டுப் போனார். மினுக்கிய வேனின் மெக்கானிக் ஒரு புளோக்கின் நிலவறை மோட்டார் அறையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் ரேடியோ பக்கமே வரவில்லை.

அம்மாவும் குழந்தையும் வெளியே வந்ததை மலாய் மெக்கானிக் சொன்னபோது, குழந்தை அழும் சத்தமும் மைக்கில் கேட்டது. மூத்த மெக்கானிக் திரைக்குள் ஒளிர்ந்த அந்த நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மறைத்துக்கொண்டார். பென்சிலில் போட்டது அல்லவே, துடைக்க முடியாதே. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மழை குறைந்து, கரண்ட் திரும்பி வந்ததாக ஆள் வந்து சொல்லும்வரை நாங்கள் அந்த மொட்டைத்தளத்தை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் காலை இன்ஜினியர் வேன் வேனாகப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு திரைமேலும் மெழுகுக் கோடுகள், அம்புகள், ஒருவர் வேனில் சீன எழுத்துகள்கூட. எல்லாவற்றையும் ஒப்பிட்டுவிட்டு வந்து சொன்னார்: "எல்லாம் கிட்டத்தட்ட ஒண்டாத்தான் இருக்கு மிஸ்." பிறகு பல மாதம் உட்கார்ந்து பெட்டியை மாற்றினார். அலுவலகம் இல்லாவிட்டாலும் பொத்தானை அமுக்கித் தங்கள் படத்தை வேன்காரர்களே திருத்திக்கொள்ளலாம். அலுவலகம் திரும்பி வந்ததும் திருத்தங்கள் அதற்குப் போய்ச் சேரும். வேறு கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரேடியோ அறையை என் பொறுப்பில் விட்டார் தவுக்கே. எனக்குக் கீழே இரண்டு பெண்களை நானே தேர்ந்தெடுத்தேன்.

இன்னொன்றையும் செய்தேன். அன்று சந்தில் மூத்த மெக்கானிக் இல்லாமல் போயிருந்தால் நான் எப்படி மொட்டைத்தளத்துக்குப் போயிருப்பேன் என்ற யோசனை விடவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை தேறவில்லை. இரண்டாவது தடவை லைசென்ஸ் வாங்கினேன். என் வீட்டுக்காரர், "லிப்ட் கம்பெனியில லைசென்ஸ் எதுக்கு?" என்று கேட்டார். "ஏறதுக்கு" என்றேன்.

முதல் பயணம் கம்பெனி வேனில் தனியாக, மேற்கே. புதிதாக எழும்பிய புளோக்குகளுக்குப் பின்னால் ரேடியோ எட்டுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. வேனுக்குள் என் முழங்காலருகே பச்சைத் திரை. மற்ற எழுத்துகளெல்லாம் அதனதன் கட்டத்தில் இருந்தன. சாலையோரம் நிறுத்திப் பொத்தானை அமுக்கினேன். என் எழுத்து ஒரு கட்டம் நகர்ந்தது. இந்நேரம் எல்லா வேனிலும் அது நகர்ந்திருக்கும்.

ரேடியோ அறையிலிருந்து புதுப்பெண்ணின் குரல் வந்தது. "அக்கா, பாத்துட்டேன். அந்தப் பக்கம் ஏழாவது மாடியில ஒரு லிப்ட் கதவு மூடலையாம். மெக்கானிக் வர்ற வரைக்கும் ஆள் ஏறாம பாத்துக்கணும். நீங்கதான் கிட்ட இருக்கீங்க, போறீங்களா?"

"போறேன்" என்று சொல்லிவிட்டு, கியரை மாற்றி வண்டியைக் கிளப்பினேன்.